கீழவாஞ்சூர்க் குழாய் அட்டவணையில் புணர்ச்சி விகாரங்கள்

ஆய்வுச் சுருக்கம்

எக்செல் தாளில் உள்ள குடிநீர்க் குழாய் விவரங்களை வலையமைப்பு மாதிரி செய்யும் மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போது நேரும் கேடுகள் கணக்கற்றவை போலத் தோன்றினாலும் மூன்றே வகைக்குள் அடங்கும். அந்த மூன்றையும் தமிழ் இலக்கணிகள் முன்பே வகுத்துவிட்டார்கள். கணினி செய்ததெல்லாம் அவற்றை மொத்த வியாபாரமாக்கியதுதான். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவியபின் என்ன பயன் என்று கேட்போருக்கு இறுதிப் பகுதியில் ஒரு புள்ளி அளவு பயன் உண்டு.

1. ஆய்வுக்களம்

கீழவாஞ்சூர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில், வங்கக் கடலோரம் உள்ள ஊர். காரைக்கால் துறைமுகம் என்று வரைபடத்தில் குறித்திருப்பது இங்கேதான் இருக்கிறது. தலைநகரான புதுச்சேரி வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். தெற்கே கூப்பிடு தூரத்தில் நாகூர், அது தமிழ்நாடு. நடுவில் வாஞ்சூர் சோதனைச்சாவடி.

ஒரு பொருள் எல்லையைக் கடக்கும்போது என்ன ஆகிறது என்று ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் அகப்படாது. சாவடிக்கு வடக்கே சரக்காக இருப்பது தெற்கே வழக்காகிறது. பொருள் அதேதான், பாட்டில் அதேதான், அளவும் குறையவில்லை. ஏற்கும் இடத்தின் விதி மாறியதால் பெயர் மாறிவிட்டது. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை உண்மை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அட்டவணை எந்த அலுவலகத்தின் கோப்பும் அன்று. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தபின், இப்படிப்பட்ட ஓர் ஊருக்குக் குழாய் வலை வரைய உட்காரும் எவர் கையிலும் உருவாகக்கூடிய உத்தேச அட்டவணை அது.

2. நிலைமொழியும் வருமொழியும்

புணர்ச்சிக்கு இரண்டு சொல் வேண்டும். இங்கே நிலைமொழி எக்செல். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் இந்த இனத்தின் மூதாதை. எக்செல் 1985-இல் முதலில் மேகிண்டாஷ் கணினிக்கு வந்தது. வருமொழி ஈபாநெட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் லூயிஸ் ராஸ்மன் உருவாக்கி 1993-இல் வெளிவந்தது. விலை கிடையாது. ஆகவே உலகமெங்கும் குடிநீர்ப் பொறியாளர்கள் அதைப் புழங்குகிறார்கள். ஐஐடி பம்பாயின் ஜல்தந்த்ரா எக்செல் கோப்பை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். அத்தகைய இரக்கம் இலக்கணத்துக்கு இடையூறு என்பதால் அதை இங்கே விலக்குகிறோம்.

ஈபாநெட்டுக்கு ஊர் என்பது சந்திகளும் குழாய்களும் மட்டுமே. சந்திக்கு ஒரு பெயர், தரைமட்ட உயரம், நீர்த்தேவை. குழாய்க்கு ஒரு பெயர், இரு முனைகள், நீளம், விட்டம், உட்சுவரின் சொரசொரப்பு. சந்திக்குள் வந்த நீர் வெளியே போயாக வேண்டும். வளையத்தைச் சுற்றி வந்தால் அழுத்த இழப்புகளின் கூட்டல் சுழியாக வேண்டும். இவ்விரு விதிகளை வைத்து ஹார்டி கிராஸ் 1936-இல் பென்சிலும் தாளுமாகப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இன்று கணினி நொடியில் போடுகிறது.

இந்த விவரமெல்லாம் உட்காரும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன்கீழ் வரிவரியாக விவரம். இடைவெளியோ டேபோ போட்டுப் பிரிக்க வேண்டும். அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குறிப்புரை என்று கொண்டு ஈபாநெட் படிக்காமல் தாண்டிவிடும். எக்செல்லில் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினால் நெடுவரிசைகளுக்கு நடுவே டேப் தானே விழும். தலைப்பைச் சேர்த்து, கோப்பின் பின்னொட்டை ஐஎன்பி என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. விகாரம் ஏதுமின்றி இது நடந்தால் இயல்புப் புணர்ச்சி. இயல்புப் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டு தேடும் பணி தொடர்கிறது.

விகாரப் புணர்ச்சிக்கு வருவோம். மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்றார் தொல்காப்பியர். தோன்றல், திரிதல், கெடுதல் என்றார் நன்னூல் செய்த பவணந்தி. இருவரும் எக்செல்லைப் பார்த்ததில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. கீழ்வரும் சான்றுகள் அந்த முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன.

3. தோன்றல்

இல்லாத ஒன்று நடுவில் வந்து நிற்பது தோன்றல். இதில் தலையாயது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் சொல்லைப் பிரியவிடாத இடைவெளி என்று ஒரு வகை உண்டு. பார்வைக்கு இதுவும் சாதாரண இடைவெளியே. ஆனால் எக்செல்லின் டிரிம் கட்டளை இதைத் தொடாது, அதற்குத் தெரிந்தது சாதாரண இடைவெளி ஒன்றுதான். ஆகவே ஒரு தாளில் சந்தி 1, இன்னொரு தாளில் வாலில் இடைவெளியோடு சந்தி 1. வீலுக்அப் சூத்திரம் போட்டுத் தேடினால் இரண்டும் வேறு ஆள் என்று கைவிரித்து, விட்டம் இருக்க வேண்டிய கட்டத்தில் 'கிடைக்கவில்லை' என்ற குறியைப் பொறித்துவைக்கும். அதையும் சேர்த்து ஒட்டினால், கிடைக்கவில்லை மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று ஊருக்குள் ஓடும்.

இரண்டாவது, இணைத்த கட்டங்கள். நம் அலுவலகங்களில் தாளை அழகுபடுத்துவது என்றால் மெர்ஜ் செய்வது என்று பொருள். 'மீனவர் தெரு' என்ற பெயரைப் பன்னிரண்டு வரிசைக்கும் பொதுவாக நடுவில் எழுதி, பெட்டி கட்டி, மஞ்சள் பூசுவார்கள். பிரித்தால் மேல் இடது மூலைக் கட்டத்துக்கு மட்டும் பெயர் இருக்கும். மற்ற பதினொன்றும், தாத்தா பெயரில் பட்டா இருக்கும் கூட்டுக் குடும்பத்துப் பேரன்கள் போல, உரிமை இருந்தும் ஆவணம் இல்லாமல் நிற்கும்.

மூன்றாவது இவ்வட்டாரத்துக்கே உரியது: அரைப்புள்ளி தோன்றல். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் விடுதலை ஆயிற்று. பாரிசில் இருக்கும் மருமகன்மார்களுக்கு மட்டும் இந்தத் தேதிகள் செல்லா. மாமா அனுப்பிய சிஎஸ்வி கோப்பை மாப்பிள்ளை பாசத்தோடு திறந்து, நெடுவரிசைகளாகப் பிரித்து, ஒரு தப்பைத் திருத்தி, சேமித்துத் திருப்பி அனுப்புகிறார். பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளி இருக்குமிடத்தில் காற்புள்ளி வரும். காற்புள்ளி அப்படி வேலைக்குப் போய்விட்டதால் நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளி வரும். ஈபாநெட்டுக்கோ அரைப்புள்ளிக்குப் பின்னால் உலகமே இல்லை. அந்தக் கோப்பை அப்படியே ஊட்டினால் ஒவ்வொரு வரியிலும் குழாயின் பெயர் மட்டும் மிஞ்சும். தொடக்கமில்லை, முடிவில்லை, நீளமில்லை, அகலமில்லை, நாமம் மட்டும் உண்டு. இவ்விலக்கணம் பரம்பொருளுக்குப் பொருந்தும், பிவிசிக்குப் பொருந்தாது.

4. திரிதல்

ஒன்று மற்றொன்றாவது திரிதல். மூன்றாம் சந்திக்கும் நான்காம் சந்திக்கும் இடையே உள்ள குழாய்க்கு 3-4 என்று பெயர் வைப்பது எந்தப் பொறியாளருக்கும் இயற்கை. நாள்-மாதம் என்ற நம்மூர் அமைப்பில் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று படிக்கும். 2025-இல் தட்டியிருந்தால் உள்ளே 45750 என்று எழுதிக்கொள்ளும். 1900-ஆம் ஆண்டு தொடங்கி எண்ணிய நாட்கணக்கு அது. இந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று உலகம் காணாத ஒரு நாளும் சேர்ந்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 செய்த தப்பை, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, எக்செல் அப்படியே வைத்துக்கொண்டது. முன்னோர் தவறைப் பின்னோர் காப்பதற்கு மரபு என்று பெயர்.

நில அளவை எண்ணும் தப்பாது. 12/2 என்ற புல எண்ணைச் சும்மா தட்டினால் பிப்ரவரி 12. அதே 2025-இல் அது 45700. உட்பிரிவில் 'பி' இருந்தால் தப்பித்துக்கொள்ளும். பாகப் பிரிவினையால் நன்மையும் உண்டு என்பதற்கு இது ஒன்றே சான்று. இரண்டாம் வார்டு, கிழக்கு, ஐந்தாம் சந்தி என்பதைச் சுருக்கி 2, பிறகு கிழக்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, பிறகு 5 என்று எழுதினால் எக்செல் அதை விஞ்ஞானிகளின் எண்முறையாகக் கொண்டு இரண்டு லட்சம் ஆக்கிவிடும்.

இதே கொம்யூனின் திருமலைராயன்பட்டினத்தோடு காளமேகப் புலவரின் பெயரை இணைத்து, அவர் சபித்து மண்மாரி பெய்ய வைத்தார் என்ற கதையை ஊரார் சொல்வார்கள். சிலேடையில் அவருக்கு நிகர் இல்லை. ஒரே அடியை இரண்டு பொருளுக்கும் ஏற்றிக் காட்டுவார், கேட்பவரே எடுத்துக்கொள்ளலாம். எக்செல்லும் சிலேடைப் புலவர்தான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இரண்டு பொருளில் ஒன்றைத் தானே தேர்ந்து, மற்றதை அழித்துவிட்டுத்தான் நம்மிடம் தரும். பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றினாலும் 3-4 திரும்பி வராது, 45750 மட்டுமே மிஞ்சும்.

இது கீழவாஞ்சூரை மட்டும் பிடித்த வியாதி அன்று. மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களின் ஆங்கிலச் சுருக்கத்தை ஒத்த குறியீடுடைய மனித மரபணுக்கள் சில உண்டு. எக்செல் அவற்றைத் தேதியாக்கித் தள்ளியது. எக்செல் பட்டியலை இணைத்து வெளியான மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படிப் பழுதுபட்டிருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. 2020-இல் மரபணுப் பெயர்க் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருளை மாற்றுவதைவிட மனித இனத்தை மாற்றுவது எளிது என்று அறிவியல் முடிவு செய்த தருணம் அது.

அலகுத் திரிபு இன்னும் நுட்பமானது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஈபாநெட் நீரோட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை அமெரிக்க கேலன் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது விட்டம் அங்குலம், நீளம் அடி. நொடிக்கு லிட்டர் என்று ஒரு வரி எழுத மறந்தால் 110 மில்லிமீட்டர் குழாய் 110 அங்குலம் ஆகிவிடும். அதாவது 2,794 மில்லிமீட்டர். தெருவுக்கடியில் குடை பிடித்தபடி நடந்து போகலாம். 100 மீட்டர் தெரு 100 அடியாகச் சுருங்கும். நீர்த்தேவை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி அழுத்த இழப்பு, விட்டத்தின் 4.87 அடுக்குக்குத் தலைகீழாகப் போகும். ஆகவே இழப்பு என்பதே இல்லாமல் கடைசி வீடுவரை தண்ணீர் பாயும். பிழைச்செய்தி ஒன்றுகூட வராது. எல்லாம் தவறாக இருக்கும்போதுதான் மாதிரி மனம் குளிர்ந்து ஓடுகிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

5. மொழிமாற்று

விகாரமாகாமல் இடம் மட்டும் மாறுவதை இலக்கணிகள் மொழிமாற்று என்ற பொருள்கோளில் அடக்குவர். கைப்பேசி வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால் அகலாங்கு முன்னே, நெட்டாங்கு பின்னே வரும். ஈபாநெட்டுக்கு முதலில் கிடைத்தூரம், பிறகு செங்குத்துத்தூரம். ஆகவே நெட்டாங்கு முன்னே வர வேண்டும். கீழவாஞ்சூர் ஏறத்தாழ வடக்கு 10.8, கிழக்கு 79.8. இவ்விரு நெடுவரிசையும் இடம் மாறினால் வடக்கு 79.8, கிழக்கு 10.8.

அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். நார்வேயின் சுவால்பார் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலை, ஆர்க்டிக் கடல், ஆம்ஸ்டர்டாம் தீவு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கிலம் பிடித்துக் கொழுப்பைக் காய்ச்சிய ஸ்மீரன்பர்க் குடியிருப்பு அத்தீவில்தான் இருந்தது. அதே டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை, நம் ஆய்வுக்களத்துக்குத் தெற்கே, நாகப்பட்டினத்தை வைத்திருந்தார்கள். நெடுவரிசை மாறியதால்தான் அங்கே போய் இறங்கினார்களா என்பதற்குச் சான்று இல்லை. இல்லாமலே இருப்பதால் கருதுகோள் இன்னும் வீழவில்லை.

ஆர்க்டிக்குக்குப் போனாலும் நம் குழாயில் தண்ணீர் உறையாது. ஈபாநெட்டின் கணக்குக்குக் குழாயின் நீளம் தனி நெடுவரிசையில் இருக்கிறது, இடக்குறிப்பு வெறும் படத்துக்காக. ஊர் எங்கே இருக்கிறது என்பது நீரியலுக்கு வேண்டாத விவரம். இக்கருத்தை நிர்வாகவியலார் முன்பே அறிந்திருந்தனர்.

6. கெடுதல்

இருந்தது இல்லாமற் போவது கெடுதல். காரைக்காலின் தொலைபேசிக் குறியீடு 04368, நாகையின் குறியீடு 04365. எக்செல் இரண்டிலும் முன்சுழியைத் தின்றுவிடும். இது சிறு கெடுதல். பெருங்கெடுதலுக்கு இங்கிலாந்து செல்ல வேண்டும். 2020 இலையுதிர் காலத்தில் கொரோனா தொற்றுப் பட்டியலை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வகைக் கோப்பில் ஏற்றியது. அவ்வகைத் தாளில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. 15,841 தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டார்கள். புதிய வகையில் 10,48,576 வரிசை உண்டு. கோப்பின் பின்னொட்டில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்திருந்தால் போதும்.

இனி இக்கட்டுரையின் முதன்மைத் தேற்றம். கீழவாஞ்சூர் என்ற பெயர் தமிழறிந்தவர் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோட் கணக்கில் பதினொரு குறி: உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 33 பைட். ஈபாநெட்டின் உள்இயந்திரம் ஒரு சந்தியின் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 31. காரைக்கால் 30 பைட்டில் ஒரு பைட் மிச்சத்தோடு நுழைந்துவிடும். நாகூர் 18, தாராளமாகப் போகும். திருமலைராயன்பட்டினம் 60, வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கீழவாஞ்சூர் இரண்டே பைட்டில் தவறுகிறது.

சிஎஸ்வியாக்கி, குறியீட்டு வகை சொல்லாமல், இருமுறை தட்டித் திறந்தால் எக்செல் அந்த 33 பைட்டையும் 33 ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கும். அப்போது நம் ஊர்ப்பெயருக்குள் பதிவு செய்த வணிகமுத்திரையின் வட்டக்குறி ஏழு இடத்தில் தோன்றும். உரிமையாளர் யார் என்று அறிய இயலவில்லை.

அதைத் தவிர்க்க நோட்பேடில் பழைய ஏஎன்எஸ்ஐ வகையில் சேமித்தால் வேறு வினை. விண்டோஸில் தமிழுக்கு அந்தப் பழைய வகைக் குறியீட்டுப் பக்கமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி: மொத்தம் பதினொன்று. மேலவாஞ்சூர் என்று எழுதிப் பார்த்தோம். அதுவும் பதினொன்றே. கீழும் மேலும் ஒன்றாயின. பேதமற்ற அந்நிலையைத் தத்துவவாதிகள் வரவேற்கலாம். ஈபாநெட் வரவேற்காது, ஒரே பெயர் இருமுறை வந்துள்ளதென்று பிழை 215 காட்டும்.

7. தடையும் விடையும்

'ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால் தொல்லை இல்லையே' என்பது முதல் தடை. எழுதலாம். ழகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். சூர் என்பதை ஒற்றை 'யு' போட்டு முடிப்பாரும் உண்டு, பிரெஞ்சுக் காலத்து வாசனையோடு 'ஓ', 'யு' இரண்டும் போட்டு முடிப்பாரும் உண்டு. சந்திப் பட்டியலில் ஓர் எழுத்துக்கூட்டல், குழாய்ப் பட்டியலில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால் அப்படியொரு சந்தியே இல்லை என்று பிழை 203 வரும்.

'வெறும் எண் கொடுத்தால் போதாதா' என்பது இரண்டாம் தடை. போதும். எந்த எண் எந்தத் தெரு என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அதை எக்செல்லில் வைக்க வேண்டும்.

'எல்லாம் சரியாகக் கடந்துவிட்டால் மாதிரியும் சரிதானே' என்பது மூன்றாம் தடை. இதற்கு விடை நூலில் இல்லை. காலையும் மாலையும் சாவியோடு வந்து வால்வு திறக்கிறாரே, அவரைக் கேட்க வேண்டும். கோப்பில் திறந்திருப்பதாகப் பதிவான வால்வைக் காட்டினால் அவர் சொல்லக்கூடியது: 'அந்த வால்வா சார்? ரோடு போட்டப்பவே உள்ள போயிடுச்சே.' இது தோன்றலும் அன்று, திரிதலும் அன்று, கெடுதலும் அன்று. தார்ப்புணர்ச்சி என்று நான்காவது விதி ஒன்று வகுக்க வேண்டியிருக்கிறது.

8. முடிவும் பரிந்துரையும்

பெயரை எழுத்தில் தொடங்குக, நடுவில் கோடு இடற்க. தட்டுவதற்கு முன்பே கட்டங்களை எழுத்து வகைக்கு மாற்றுக, தட்டியபின் மாற்றுவது வெள்ளம் வடிந்தபின் கரை கட்டுவது. அலகை முதலில் எழுதுக. எல்லையைக் கடந்ததும் சந்திகளின் எண்ணிக்கை, குழாய்களின் மொத்த நீளம், நீர்த்தேவையின் கூட்டல் ஆகிய மூன்றையும் இருபுறமும் எண்ணி ஒப்பிடுக. சோதனைச்சாவடி என்பது இதற்குத்தான்.

ஊர்ப்பெயர்ச் சிக்கலுக்குத் தீர்வு பழைய ஓலைகளில் கிடைத்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். கீழவாஞ்சூரில் இரண்டு புள்ளி. ஒன்றை நீக்கினால் 30 பைட், இரண்டையும் நீக்கினால் 27. எப்படி நீக்கினாலும் 31-க்குள் அடங்கும். அமெரிக்க முகமைக்கு மனுப் போட வேண்டிய தேவையில்லை.

ஒரே ஓர் இடர் உண்டு. ஓலையில் புள்ளி இல்லாதபோதும் ஏடு பிழையின்றிப் படிக்கப்பட்டது, ஏனென்றால் எங்கே புள்ளி வர வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரியும். ஈபாநெட்டுக்கு அது தெரியாது. 110 அங்குலக் குழாயைக் கண்டு அது சிரிக்காது, 45750 என்ற பெயரைக் கேட்டு யாரப்பா இது என்று விசாரிக்காது, ஆர்க்டிக்கில் மீனவர் தெருவா என்று வியக்காது. விகாரம் எல்லாப் புணர்ச்சியிலும் உண்டு. கேடாக முடிவது, ஊர் தெரிந்த ஒருவர் மறுகரையில் உட்கார்ந்து படிக்காதபோதுதான். ஆகவே மாதிரியை ஓட்டும் நாளில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, வால்வு திறக்கிறவரை அழைத்து உட்கார வைத்து, திரையில் தெரியும் ஒவ்வொரு குழாயையும் காட்டிக் கேட்க வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அவருக்குரிய பயணப்படியை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பது தனி ஆய்வுக்குரியது.